எகிப்தின் முப்தி முஹம்மது அப்துஹு

பிழைப்பை நாடி வெளியூர் சென்ற கணவனைப்பற்றிப் பின்னர் யாதொரு செய்தியும் இல்லை. இறந்தான் எனக் கூறுதற்கும் சாட்சி இல்லை. இருக்கின்றான் எனக் கூறுதற்கும் சாட்சி இல்லை. அவன் மனைவி எத்தனை ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்து நாட்டு ஷரீஅத் நீதிமன்றங்களில் வழங்கிய ஹனபி மத்ஹபின்படி, அவனை ஒத்த வயதினர் யாவரும் மறைந்திருக்கக்கூடிய காலம்வரை, அதாவது அவனுக்குத் தொண்ணூறு வயது நிரம்பும்வரை, அவள் காத்திருத்தல் வேண்டும் என்பதே பெரும்பாலும் கூறப்பட்ட விடை. மாலிகி மத்ஹபோ, நீதிபதியிடம் முறையிட்டுத் தேடியபின் நான்கு ஆண்டுகள் காத்திருந்தாற் போதும் என்றது. இரண்டும் இஸ்லாமியச் சட்டமே. அங்ஙனமாயின், துன்புறும் பெண்ணொருத்திக்கு இரண்டாவது மத்ஹபின் விடையை அளிப்பதில் தடை யாது?

இத்தகைய வினாக்களை அஞ்சாது எழுப்பியவர்களுள் முதன்மையானவர் ஷெய்கு முஹம்மது அப்துஹு ஆவார்.

நைல் நதியின் கழிமுகப் பகுதியில் 1849ஆம் ஆண்டிலே, ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். குர்ஆனை மனனஞ் செய்த பின்னர், தந்தா நகரின் பள்ளிவாசலுக்குக் கல்வி கற்க அனுப்பப்பட்டார். அங்கே அறபு இலக்கணம் கற்பித்த ஆசிரியர்கள், மூல நூலையும் அதன் உரையையும் உரைக்கு உரையையும் ஒப்புவிக்கச் செய்தனரேயன்றிப் பொருளை விளக்கினாரல்லர். ஒன்றரை ஆண்டு கழிந்தும் ஒன்றும் விளங்கப்பெறாத சிறுவன், கல்வியே வேண்டாம், கலப்பை போதும் என்று வீடு திரும்பினான். தந்தை மீண்டும் அனுப்பியபோது வழியிலே தப்பியோடி, ஷெய்கு தர்வீஷ் என்னும் உறவினரிடம் அடைக்கலம் புகுந்தான். சூபி நெறியினரான அப்பெரியவர் கடிந்துரைக்கவில்லை. ஒரு நூலைக் கையிற் கொடுத்துச் சில வரிகளை வாசிக்கச் செய்து, அவற்றின் பொருளை எளிமையாக எடுத்துக் கூறினார். நாட்கள் சில செல்ல, வெறுத்த கல்வி விருப்பமாயிற்று. பொருளுணராது ஒப்புவிக்கும் கல்வி மாணவனையும் கெடுக்கும், மார்க்கத்தையும் கெடுக்கும் என்னும் உறுதி அவருள்ளத்தில் வேரூன்றியது அப்பருவத்திலேயே எனலாம்.

1866இல் கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் சேர்ந்தார். 1871இல் அந்நகருக்கு வந்த ஜமாலுத்தீன் அல்-ஆப்கானியிடம் தத்துவமும் தர்க்கமும் அரசியலும் கற்றார். 1877இல் ஆலிம் பட்டம் பெற்று ஆசிரியரானார். 1880இல் அரசாங்க வர்த்தமானியின் ஆசிரியராகவும் அமர்ந்து, கல்வியைப்பற்றியும் ஊழலைப்பற்றியும் துணிந்து எழுதினார்.

அவ்வேளையிற்றான் ஒராபி பாஷாவின் எழுச்சி தோன்றிற்று. படைவீரர் கையால் நாடு திருந்தும் என்பதில் அப்துஹுவுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. கல்வியே வழி என்பது அவர் கொள்கை. ஆயினும் அந்நியப் படையெடுப்பு நெருங்கியபோது அவர் தம் நாட்டினர் பக்கமே நின்றார். 1882இல் ஆங்கிலேயர் வென்று எகிப்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தனர். ஒராபி பாஷாவும் தோழர் அறுவரும் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டனர். 1883 தொடக்கம் 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்த பாஷா, அறிஞர் சித்தி லெப்பையின் கல்வி முயற்சிகளுக்கு ஊக்கமளித்ததை இந்நாட்டு முஸ்லிம்கள் நன்கறிவர். அதே எழுச்சியின் காரணமாக நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட அப்துஹு பெய்ரூத்துக்குச் சென்றார். 1884இல் பாரிசில் ஆப்கானியுடன் இணைந்து ‘அல்-உர்வத்துல் வுத்கா’ என்னும் இதழை நடத்தினார். பதினெட்டு இதழ்களே வெளிவந்தன. ஆயினும் முஸ்லிம் உலகெங்கும் அதன் குரல் கேட்டது. பின்னர் பெய்ரூத்திலே அவர் மாணவர்க்கு ஆற்றிய விரிவுரைகளே ‘ரிஸாலத்துத் தவ்ஹீத்’ என்னும் நூலாக 1897இல் உருப்பெற்றன.

1888இல் மன்னிப்புப் பெற்றுத் தாயகம் திரும்பினார். ஆசிரியப் பணியையே அவர் விரும்பினார். ஆயினும் மாணவரிடையே அவருக்கிருந்த செல்வாக்கை அஞ்சிய கெதீவ் தவ்பீக், அவரைக் கெய்ரோவுக்கு வெளியே நீதிபதியாக நியமித்தார். ஒதுக்கிவைக்கும் நோக்குடன் செய்யப்பட்ட அந்நியமனமே அவர் சிந்தனைக்கு உரமாயிற்று. நூல்களிற் கண்ட சட்டம் மனிதர் வாழ்விலே எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அவர் நேரிற் கண்டார். அம்மன்றங்களில் வழங்கியது பிரெஞ்சுச் சட்டத்தைத் தழுவிய கோவை. ஆதலின் நாற்பது வயதளவில் பிரெஞ்சு மொழியையும் முயன்று கற்றார். திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை போன்றவை மாத்திரமே ஷரீஅத் மன்றங்களுக்கு எஞ்சியிருந்தன. இந்நிலைக்கு அந்நியரை மட்டும் அவர் குறைகூறவில்லை. புதிய காலத்தின் தேவைக்கு விடைகாணாது, ஒரே மத்ஹபின் பழைய நூல்களுக்குள் ஒடுங்கிய உலமாக்களும் அதற்குப் பொறுப்பாளிகளே என்பது அவர் கருத்து.

1899 யூன் மாதத்தில் அவர் எகிப்தின் முப்தியாக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே ஷரீஅத் நீதிமன்றங்களை நேரிற் சென்று பார்வையிட்டு ஓர் அறிக்கை தயாரித்தார். மன்றங்களின் இழிநிலை, காதிகளினதும் எழுத்தர்களினதும் சொற்ப ஊதியம், பயிற்சிக் குறைவு ஆகிய யாவற்றையும் அதில் எடுத்துக்காட்டினார். சட்டம் எத்துணை உயர்ந்ததாயினும் அதனை வழங்குவோர் தகுதியற்றவராயின் ஏழைக்கு நீதி கிடையாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவருடைய சட்ட நோக்கின் அடிப்படைகள் மூன்று. முதலாவது, முன்னோர் கூற்றைக் கண்மூடிப் பின்பற்றாது, குர்ஆனையும் நபிவழியையும் நேரே நோக்கி ஆராயும் இஜ்திஹாத். இரண்டாவது, ஒரு மத்ஹபில் இடர் காணின் மற்றொரு மத்ஹபின் தீர்ப்பைத் தெரிந்துகொள்ளுதல். மூன்றாவது, வணக்கம் சார்ந்த விதிகள் மாறாதன. மனிதர் தம்முள் நடத்தும் விவகாரங்கள் பொதுநலம் கருதிக் காலத்துக்கேற்ப அமைக்கத்தக்கன என்பது. இந்நோக்குடனேயே பலதார மணத்தையும் ஆராய்ந்தார். மனைவியரிடையே நீதி செலுத்த இயலாதென அஞ்சினால் ஒருத்தியே போதும் என்பது இறைவாக்கு. அந்நிபந்தனை எங்கும் மீறப்பட்டு மனைவியரும் மக்களும் அல்லற்படும்போது, பொதுநலங் கருதி அவ்வழக்கத்துக்கு அரசு வரம்பிடலாம் என்று அவர் வாதித்தார்.

1903இல் தென்னாபிரிக்காவின் திரான்ஸ்வாலிலிருந்து வந்த வினாக்கள் பெரும் புயலைக் கிளப்பின. ஐரோப்பியரின் தொப்பியை அணியலாமா? கிறித்தவர் அறுத்த இறைச்சியை உண்ணலாமா? ஷாபியினர் ஹனபி இமாமின் பின்னே தொழலாமா? சிறுபான்மையினராக வாழ்வோர் நாடோறும் எதிர்நோக்கும் வினாக்கள் இவை. மூன்றும் கூடும் என்பதே முப்தியின் விடை. தொப்பியால் ஒருவன் மார்க்கத்தை விட்டவனாகான். வேதத்தையுடையோரின் உணவு ஆகும் எனக் குர்ஆனே கூறுகின்றது. முஸ்லிம்கள் ஒருவர் பின் ஒருவர் தொழுதற்கு மத்ஹபு வேறுபாடு தடையன்று. கெய்ரோவின் பத்திரிகைகள் சில அவரை மிகக் கடுமையாகத் தாக்கின. எனினும் முப்தி தம் தீர்ப்பினின்றும் பின்வாங்கினாரல்லர்.

எதிர்ப்பு அம்மட்டில் நிற்கவில்லை. அல்-அஸ்ஹரின் நிர்வாக சபையில் 1895 முதல் அங்கம் வகித்து, பரீட்சை முறை, ஆசிரியர் ஊதியம், நூலகம், மாணவர் சுகாதாரம் ஆகியவற்றைச் சீர்செய்ய அவர் முயன்றார். பழமை பேணும் ஆசிரியர் பலர் இதனை விரும்பவில்லை. வக்புச் சொத்துகள் பற்றிய விடயத்தில் கெதீவ் இரண்டாம் அப்பாஸின் விருப்பத்துக்கு இசையாமையால் அரண்மனையின் பகையும் வந்து சேர்ந்தது. ஆங்கிலப் பிரதிநிதியான குரோமர் பிரபு அவருக்கு ஆதரவாயிருந்தமையோ தேசிய உணர்ச்சியுடையோரின் ஐயத்தை வளர்த்தது. ஆங்கிலேயரை எதிர்த்து நாடிழந்த ஒருவர், அவர்தம் ஆதரவின் நிழலிலே சீர்திருத்தம் செய்ய நேர்ந்தது அவர் வாழ்வின் முரண்பாடாகும். கிடைத்த காலத்தைப் பயன்படுத்தி மக்களைக் கல்வியால் உயர்த்தினாலன்றி விடுதலை நிலையாது என அவர் எண்ணினார். அவ்வெண்ணம் சரியா என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் ஒருமித்தாரல்லர். 1905 மார்ச்சில் அல்-அஸ்ஹர் சபையினின்றும் விலகினார். அவ்வாண்டு யூலை 11இல் அலெக்சாந்திரியாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

அவர் முயற்சிகள் தோல்வியுற்றன என்றே அந்நாளிற் பலரும் கருதியிருப்பர். ஆயின் 1907இல் ஷரீஅத் நீதிபதிகளைப் பயிற்றும் கலாசாலை கெய்ரோவிலே தொடங்கப்பட்டது. 1920ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம், ஜீவனாம்சம் கிடைக்கப்பெறாத மனைவிக்கும் காணாமற்போனவனின் மனைவிக்கும் மாலிகி மத்ஹபின் விதிகளை எகிப்திய மன்றங்களில் வழங்கச் செய்தது. 1929ஆம் ஆண்டுச் சட்டம், ஒரே வாக்கில் மும்முறை கூறும் தலாக்கை ஒன்றாகவே கொள்ளவேண்டும் என விதித்ததோடு, கணவனின் கொடுமைக்குள்ளான பெண்ணுக்கு நீதிபதி மணவிலக்கு அளிக்கவும் வழிசெய்தது. அவருடைய மாணவர்கள் வெவ்வேறு வழிகளிற் பிரிந்து சென்றனர். ‘அல்-மனார்’ ஆசிரியர் ரஷீத் ரிளா ஒருபுறமாகவும், நாட்டின் அரசியற் றலைவரான ஸஅத் ஸக்லூல் மற்றொருபுறமாகவும் அவரை ஆசானாகப் போற்றினர்.

காணாமற்போன கணவனுக்குத் தொண்ணூறு வயது நிரம்பும்வரை காத்திருந்த பெண்ணுக்கு விடை கிடைத்தபோது அப்துஹு மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவ்விடை அந்நிய நாட்டிலிருந்து கொணரப்பட்டதன்று. பல நூற்றாண்டுகளாக முஸ்லிம்களின் சொந்த நூல்களிலேயே அது இருந்தது. அதனை எடுத்து வழங்கும் துணிவே வேண்டியிருந்தது. அத்துணிவைத் தம் பின்வந்தோர்க்கு ஊட்டியதே ஷெய்கு முஹம்மது அப்துஹுவின் அரும்பணியாகும்.