மஞ்சளும் மாற்றான் முத்திரையும்

அரிவாள்மணை விரலைக் கீறிவிட்டால் அன்னை என்ன செய்வாள்? அஞ்சறைப் பெட்டியைத் திறப்பாள், மஞ்சட்பொடியை எடுப்பாள், காயத்திலே அப்புவாள். பட்டம் பெறாத மருத்துவம் அது. அந்த மருத்துவத்துக்கு, 1995 மார்ச்சு 28ஆம் நாள், அமெரிக்காவில் ஓர் உரிமையாளர் முளைத்தார்! மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் பெற்ற அந்தக் காப்புரிமையின் எண் 5,401,504. மஞ்சட்பொடியை உள்ளுக்குக் கொடுத்தோ மேலே பூசியோ புண்ணை ஆற்றுவது, இருவரின் புதுக் கண்டுபிடிப்பாம்! அவ்விருவரும் இந்திய வழியினர் என்பது வேடிக்கையிலும் வேடிக்கை.

இனி நம் வீட்டு மஞ்சளுக்கும் வரி என்று பதறினோர் உண்டு. அது பிழை. ஒரு நாட்டின் காப்புரிமை அந்நாட்டு எல்லைக்குள்ளேதான் செல்லும். ஆனால், ஊரறிந்த ஒன்றை அந்த அலுவலகம் புதுமை என்று ஏற்றது எப்படி? அங்கேதான் சூட்சுமம். அமெரிக்கரிடையே ஒருமுறை வழங்கிவந்தால், அது பழையது என்று அந்நாட்டுச் சட்டம் அன்று ஒப்பும். வெளிநாட்டிலே கோடிப்பேர் கையாண்டாலும் ஒப்பாது. அச்சேறியிருக்க வேண்டும், அல்லது அங்கே காப்புரிமை பெற்றிருக்க வேண்டும். கோடித் தாய்மார்களின் கைப்பழக்கம் ஒரு துண்டு அச்சுத்தாளுக்கு ஈடாகவில்லை!

1996இல், மஷேல்கர் தலைமையிலிருந்த இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் மறு ஆய்வு கோரிற்று. பாட்டிமார்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வழியில்லை. ஏடுகளைத்தான் ஏற்ற வேண்டும். 32 சான்றுகள் திரட்டப்பட்டன. வடமொழி, உருது, இந்தி நூல்கள்; சில நூறாண்டு கடந்தவை. 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் அவற்றுள் ஒன்று. 1997 ஆகஸ்டில் உரிமைக் கோரிக்கைகள் தள்ளப்பட்டன. 1998 ஏப்ரலில் முத்திரை முற்றும் நீங்கிற்று.

எல்லாம் எம் முன்னோர் அறிந்ததே என்று மார்தட்டியதா வென்றது? இல்லை, தோழர்களே! பக்கத்தையும் ஆண்டையும் காட்டியதே வென்றது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மஞ்சள் புண்ணை ஆற்றுமா என்று அங்கே தீர்ப்புரைக்கவில்லை. அம்முறை புதியதா என்றுதான் பார்த்தனர். ஆற்றுமா என்பதை ஆய்வுக்கூடம் சொல்லட்டும்.

வேம்புக்கும் இதே கதை நேர்ந்தது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் கொடுத்ததை 2000இல் பறித்தது. மேல்முறையீடு 2005இல் வீழ்ந்தது. பட்ட பாட்டின் விளைவாக 2001இல் மரபறிவு மின்னூலகப் பணி தொடங்கிற்று. அதிலே தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களும் இடம்பெற்றன. அமெரிக்கச் சட்டத்தின் அந்த ஓரவஞ்சனையும் 2011இல் திருத்தப்பட்டு, 2013 முதல் ஒழிந்தது. மரபறிவைக் கொண்டு காப்புரிமை கேட்போர், அதை எவரிடம் பெற்றனர் என்று கூற வேண்டும் என்னும் உடன்படிக்கை 2024 மே திங்களில் செனீவாவில் நிறைவேறிற்று.

நல்லதுதான். ஆயினும் அந்த நூலகத்தில் ஏறியவை பெரும்பாலும் முன்பே ஏட்டில் இருந்தவை. எழுத்து மறுக்கப்பட்டோரின் அறிவு எந்த ஏட்டில் இருக்கும்? மலையடிவாரத்து மருத்துவச்சியின் நாவிலே மட்டும் வாழும் பச்சிலை முறைக்கு, 33ஆவது சான்றை எவர் எழுதி வைத்திருக்கிறார்?