நியம நட்சத்திரங்களும் தளவிளைவுமானியின் திருத்தமும்

விண்மீனின் ஒளியலைகள் எல்லாத் திசைகளிலும் சமமாக அதிராமல் ஒரு தளத்தில் மிகுந்து அதிர்வதைத் தளவிளைவு என்பர். பெரும்பாலான விண்மீன்களில் இம்மிகுதி ஓரிரு சதவீதத்தைத் தாண்டுவதில்லை. தொலைநோக்கியின் ஆடிகளும், இதை அளக்கும் தளவிளைவுமானியின் உறுப்புகளும் தாமே ஓரளவு தளவிளைவை உண்டாக்கிவிடுவதால், குணம் முன்னரே அறியப்பட்ட நியம நட்சத்திரங்களைக் கொண்டு கருவியைச் சோதிப்பது இன்றியமையாததாயிற்று. தூத்துக்குடி முத்துக்குளித்துறையின் வணிகர், துளைகளின் அளவு வரையறுக்கப்பட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்தும் மஞ்சாடி நிறையிட்டும் முத்தை மதிப்பிட்டதில் இருந்த நியாயமே இங்கும் உள்ளது.

இத்துறையின் தொடக்கத்தில் ஒரு தமிழர் நிற்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், எலக்ட்ரான்களால் சிதறுண்ட ஒளி வெப்பமிக்க விண்மீன்களின் விளிம்பில் பதினொரு சதவீதத்திற்கும் மேலாகத் தளவிளைவுற்றிருக்கும் என்று 1946இல் கணித்தார். அதைத் தேடிப் புறப்பட்ட வானியலாளர்களான ஹில்ட்னரும் ஹாலும் 1949இல் கண்டதோ வேறொன்று: அவர்கள் அளந்த தளவிளைவு, விண்மீனுக்கும் நமக்கும் இடையே, காந்தப் புலத்தால் ஒழுங்குற்று மிதக்கும் தூசித் துகள்களின் விளைவாக இருந்தது. தேடியது கிட்டாமல் அதனினும் பெரிய உண்மை வெளிப்பட்ட அரிய நிகழ்ச்சி இது.

நியம நட்சத்திரங்கள் இருவகைப்படுவதற்கும் அத்தூசியே காரணம். அருகிலுள்ள விண்மீன்களின் ஒளி தூசியை அதிகம் கடவாததால் தளவிளைவு ஏறக்குறைய இல்லாதது. அவற்றை நோக்கும்போது கருவி காட்டும் அளவு கருவியின் சொந்தப் பிழையே ஆதலால், அதை மற்ற அளவீடுகளிலிருந்து கழித்துவிடுவர். தொலைவில் தூசி மேகங்களுக்கு அப்பால் உள்ள விண்மீன்கள் மிகுந்த தளவிளைவுடையவை. கோண அளவின் தொடக்கப் புள்ளியை இவை நிர்ணயிக்கின்றன. இவற்றைத் திரட்டி ஒழுங்குசெய்தவர்களில் போலந்து நாட்டில் பிறந்த செர்கோவ்ஸ்கி தலையாயவர். தளவிளைவு அலைநீளத்தோடு மாறும் விதியும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் 1982இல் ஹ்சூவும் பிரேகரும் இவ்விண்மீன்களை மறுபடியும் அளந்தனர். 1988இல் பாஸ்டியனும் உடனாய்வாளர்களும் இவற்றுட் பல காலத்தோடு மாறுவனவாக இருக்கலாம் என்று அறிவித்தபோது ஆராய்ச்சியாளரிடையே விவாதம் மூண்டது. நியமமே அசையுமானால் அளவை எங்ஙனம் நிற்கும் என்ற கவலை மெய்யானது. ஒரே நட்சத்திரத்தை நம்பாமல் ஒரே இரவில் பலவற்றை நோக்குவதே அதற்குத் தக்க பரிகாரம்.

தமிழகத்தில் இக்கலை வளர்ந்த இடம் ஜவ்வாது மலையில், கடல்மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூர். அங்கே 1972இல் நிறுவப்பட்ட 1 மீட்டர் கார்ல் சைஸ் (Carl Zeiss) தொலைநோக்கியோடு, இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் மூன்று நிறப்பட்டைகளை ஒரே சமயத்தில் அளக்கும் தளவிளைவுமானி ஒன்றை அமைத்தனர். ஒளியை இரு கற்றையாகப் பிரிக்கும் கால்சைட் படிகமும், பல நிறங்களுக்கும் ஒருசேரப் பொருந்துமாறு தகடுகளை அடுக்கும் பஞ்சரத்தினத்தின் முறையில் அமைந்த அரையலைத் தகடும் அதன் உயிர்நாடி. சர் சி. வி. ராமனின் சகோதரி மகனாகிய சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம் அம்முறையைப் பெங்களூரில் 1955இல் வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தொன்றே. ஆயினும் அத்தகட்டின் அச்சு நிறத்துக்கு நிறம் சற்றே திரும்புவதால், ஒவ்வொரு பட்டைக்கும் கோணத்தைத் தனித்தனியே திருத்த வேண்டியுள்ளது. தளவிளைவுள்ளனவும் அற்றனவுமாகப் பல விண்மீன்களை நோக்கிச் செய்த களச்சோதனையில் இக்கருவி திருப்திகரமாக இயங்குவதாக 2015இல் அறிவிக்கப்பட்டது.