செலவழிக்க வந்த செல்வம்

வரவை மிஞ்சிச் செலவு போனால் குடும்பம் கெடும் என்பது மாதச் சம்பளக்காரராகிய நாம் நன்கறிந்த பாடம். செலவு போதாமையால் ஒருவன் கெடுவான் என்றால் நகைப்பே உண்டாகும். அந்த நகைப்பின்மேல் கட்டப்பட்ட கதையொன்று நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகைச் சுற்றி வருகின்றது. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர்களுக்கு அக்கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் காணும் வாய்ப்பு அமைந்தது. ஆதலின் அதன் வரலாற்றை இம்மலரில் எழுதிவைக்கத் துணிந்தோம்.

1902 ஆம் ஆண்டு ஜார்ஜ் பார் மெக்கட்ச்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் புனைபெயரில் ஒரு நாவலை வெளியிட்டார். ‘புரூஸ்டரின் மில்லியன்கள்’ என்பது அதன் பெயர். பாட்டனாரிடமிருந்து பத்து இலட்சம் டாலர் பெறுகின்றான் ஓர் இளைஞன். அந்தப் பாட்டனார் மீது தீராப் பகை கொண்ட தாய்மாமன் ஒருவர், எழுபது இலட்சம் டாலரை விட்டு இறக்கின்றார். பாட்டன் பணத்தில் ஒரு காசும் எஞ்சாமல் ஓராண்டுக்குள் செலவழித்து, இருபத்தாறாம் பிறந்தநாளன்று வெறுங்கையனாக நின்றால்தான் மாமன் சொத்து அவனுக்குக் கிட்டும். காரணத்தை எவரிடமும் சொல்லலாகாது. சம்பந்தி வீட்டுப் பகை நம் நாட்டுக்கே உரியதென்று நினைத்திருந்தோம். அமெரிக்காவிலும் அது உண்டு போலும்!

நாவல் 1906 இல் நாடகமாயிற்று; 1914 இல் ஊமைப்படமாயிற்று. பிறகு பலமுறை படமாக்கப்பட்டது. 1985 இல் ரிச்சர்டு பிரயர் நடித்த படத்தில் காலமும் தொகையும் மாறின. முப்பது நாளில் மூன்று கோடி டாலரைச் செலவிட்டால் முப்பது கோடி டாலர் என்பது அதன் கணக்கு.

தென்னாட்டில் இக்கதை 1954 இலேயே கால்வைத்து விட்டது. ஒய்.ஆர்.சுவாமியின் இயக்கத்தில் என்.டி.ராமராவ் நடிக்க, தெலுங்கில் ‘வத்தண்டே டப்பு’ என்றும், தமிழில் ‘பணம் படுத்தும் பாடு’ என்றும் அது வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1953 அக்டோபர் 1 அன்றுதான் சென்னை மாகாணத்திலிருந்து ஆந்திரம் பிரிந்தது. சித்தூர் மாவட்டமும் ஆந்திரத்தோடு சென்றது. நிலம் பிரிந்த மறு ஆண்டில், ஒரே கதையை ஒரே நாயகன் இரு மொழியிலும் நடித்துக் காட்டினார். அந்நடிகரே 1983 இல் திருப்பதித் தொகுதியில் வென்று முதலமைச்சரானதும், 1985 இல் அவர் மகன் பாலகிருஷ்ணா ‘பாபாயி அப்பாயி’ படத்தில் அதே கதையில் நடித்ததும் எவரும் திட்டமிட்டு அமைத்தவை அல்ல.

நம் தலைமுறைக்கு இக்கதை என்றால் ‘அருணாசலம்’தான். 1997 ஏப்ரலில் வெளிவந்த அப்படத்தைச் சுந்தர்.சி இயக்கினார், கிரேசி மோகன் உரையாடல் எழுதினார். முப்பது நாளில் முப்பது கோடி ரூபாயைச் செலவிட்டால் மூவாயிரம் கோடி. முடிவில் தன் பெயரில் எந்தச் சொத்தும் இருத்தல் கூடாது. மெட்ரிக் முடித்த வயதில் அதைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தோம். பின்னாளில் இரயில்வேயில் எழுத்தராகிப் பயணச்சீட்டுச் சாளரத்தில் அமர்ந்தபோது ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்தோம். நாளொன்றுக்கு ஒரு கோடி என்றால், உறங்கும் நேரமும் சேர்த்து, வினாடிக்கு 115 ரூபாய்க்கு மேல் கரைய வேண்டும். பகல் முழுதும் பிறர் பணத்தை எண்ணி, ஒரு ரூபாய் குறைந்தாலும் கைக்காசு இட்டு ஈடுகட்டும் தொழிலில் இருப்பவனுக்கு அந்தச் சிரிப்பு வேறுவகையாகத்தான் வரும்.

இக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. 1985 ஆங்கிலப் படத்தில், சூதாட்டத்திற்கு நூற்றுக்கு ஐந்து, அறத்திற்கு நூற்றுக்கு ஐந்து, அதற்குமேல் கூடாது என்று விதித்திருப்பார்கள். கொடைக்கு ஏன் இந்தக் கட்டு? வாரிக் கொடுப்பவனுக்கு முப்பது நாளும் தேவையில்லை. ஒரு பகல் போதும். கதை அங்கேயே முடிந்துவிடும்.

கட்டு எதுவும் இல்லாமல் அவ்வாறு கொடுத்த ஒருவர் பெயரில் நம் ஊரே ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அவர்தாம் சித்தூர் வி.நாகையா. பிறந்தது 1904 இல், குண்டூர்ப் பக்கத்து ரேபல்லேயில்; ஆயினும் சித்தூர் இராமவிலாச சபையின் நாடக மேடையே அவரை உருவாக்கிற்று. 1938 இல் ‘கிருகலட்சுமி’யில் திரைக்கு வந்தார். ‘போதனா’, ‘தியாகய்யா’, ‘யோகி வேமனா’ ஆகிய படங்களால் புகழின் உச்சியை அடைந்தார். தென்னாட்டில் ஒரு படத்திற்கு இலட்ச ரூபாய் ஊதியம் பெற்ற முதல் நடிகர் என்று பேர்பெற்றார். அக்காலத்து இலட்சம் இக்காலத்துக் கோடிகளுக்கு நிகர். கேட்டவர்க்கு இல்லையென்னாத கையும், சொந்தப் படத் தயாரிப்பும் அச்செல்வத்தைக் கரைத்தன. 1965 இல் பத்மஸ்ரீ விருது வந்தது, பணம் வரவில்லை. ஒரு காலத்தில் நாயகனாக நின்றவர், பிற்காலத்தில் கிடைத்த சிறு வேடங்களை ஏற்று நடித்தார். 1973 டிசம்பர் 30 அன்று சென்னையில், வறிய நிலையில் மறைந்தார். கதைநாயகனுக்கு முப்பதாம் நாள் முடிவில் பெருஞ்செல்வம் காத்திருந்தது. நாகையாவுக்குப் பின்னாளில் தியாகராயநகர் பனகல் பூங்காவில் சிலை காத்திருந்தது.

‘அருணாசலம்’ பற்றி இன்னொரு செய்தி உண்டு. அப்படத்தின் இலாபத்தைக் கதாநாயகர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தம்மோடு பணியாற்றிப் பின்னர் நலிவுற்ற திரையுலகத்தார் எண்மருக்குச் சேரும்படி செய்தார். நாகையா மறைந்து அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.