ஒரு நகரும் இரு மழைமானிகளும்

மே மாதத்தின் இறுதி வாரத்தில் பம்பாயில் வாழும் தமிழர் எவருக்கும் ஓர் ஐயம் எழுவது இயல்பு. உடலெல்லாம் வியர்வை, காலையில் உலர்த்திய துணியில் மாலையிலும் ஈரம் மாறுவதில்லை, அடுக்களையில் உப்புச் சாடி கசிகிறது. காற்றில் இவ்வளவு நீர் இருந்தும் வானம் வெளுத்துக் கிடப்பதேன்? இரண்டு வாரம் சென்று, ஜூன் 10, 11 வாக்கில், அதே கடற்கரைமேல் கார்முகில் திரண்டு கொட்டுகிறதே, அதற்குள் காற்றின் ஈரம் பன்மடங்காகி விட்டதா? இல்லை. நாம் மூச்சு வாங்கும் உயரத்தில் அது கூடுவது சிறிதளவே. மாறுவது தலைக்குமேல் உள்ள நிலைமை.

காற்று மேலே எழுந்தாலன்றி முகில் இல்லை. எழும் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 10 டிகிரி வெப்பம் குறைய, ஓர் எல்லையில் அது தன் நீராவியைத் தாங்க மாட்டாமற் போகிறது. அங்கேதான் முகிலின் அடிப்பாகம் தட்டையாகத் தோன்றுகிறது. மே மாதத்திலோ கடலிலிருந்து வரும் ஈரக் காற்று மெல்லிய படலமாகவே நிற்கும். அதன்மேல் சூடான வறண்ட காற்று பானைக்கு மூடி போட்டாற்போல் படிந்து, அதனை எழ விடுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று பல கிலோமீட்டர் ஆழத்திற்கு ஈரத்தைக் கொண்டுவந்த பின்னரே அந்த மூடி விலகுகிறது.

இதனை மனிதர் அறிந்த வரலாற்றில் பம்பாய்க்கும் ஓர் இடமுண்டு. நகரின் தென்கோடியான கொலாபாவில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1826இல் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தனர். விண்மீன்களைப் பார்ப்பதும், கப்பல்களுக்குச் சரியான நேரத்தை அறிவிப்பதும் அதன் முதல் நோக்கம். 1841இல் பேராசிரியர் ஆர்லிபார் காலத்தில் காந்த அளவுகளும் வானிலை அளவுகளும் ஒழுங்காகக் குறிக்கப்படலாயின. அதே 1841இல் அமெரிக்கரான ஜேம்ஸ் எஸ்பி புயல்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். நீராவி துளியாகும்போது வெளிப்படும் வெப்பமே முகிலை மேன்மேலும் உயர்த்துகிறது என்பது அவர் கண்ட உண்மை. அடுப்பும் விறகும் முகிலுக்குள்ளேயே இருக்கின்றன எனலாம்.

துளி உருவாவதற்கும் ஒரு பற்றுக்கோடு வேண்டும். பிரான்சில் கூலியே 1875இலும், ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கென் 1880இலும், தூசியற்ற காற்றில் மூடுபனி தோன்றாமையைச் சோதனையால் காட்டினர். பம்பாய்க்கு அத்தூசியைக் கடலே தருகிறது. அலை சிதறும்போது பறக்கும் உப்புத் துகள்தான் அது. நம் வீட்டுச் சன்னற் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் அதே உப்பு வானத்தில் துளியைக் கூட்டுகிறது. ஆயினும் முகிற்துளி மழைத்துளி ஆகிவிடாது. ஒரு மழைத்துளிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் முகிற்துளிகள் ஒன்றுசேர வேண்டும்.

கொலாபாவின் கணக்கு நீண்டது, நேர்மையானது. நகருக்கு மின்சார டிராம் வருவதை முன்னிட்டுக் காந்தக் கருவிகளுக்காக 1904இல் அலிபாகில் வேறு நிலையம் கட்டினார்கள். மழைமானிக்கு டிராமால் தீங்கில்லை. அது கொலாபாவிலேயே நின்றது. 1974 ஜூலை 5ஆம் நாள் 575 மில்லிமீட்டர் மழையையும் அது அளந்தது. பம்பாயின் மழை என்றால் கொலாபாவின் மழை என்று எண்ணும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. பின்னாளில் வடக்கே சாந்தாக்ரூஸ் விமான நிலையத்தில் மற்றொரு நிலையம் ஏற்பட்டது. இரண்டுக்கும் இடைத்தொலைவு சுமார் 25 கிலோமீட்டர்.

1995இல் மும்பை எனப் பெயர் மாறிய அந்நகரில், 2005 ஜூலை 26ஆம் நாள் நடந்ததை நம்மவரில் பலர் இன்றும் மறந்திலர். மறுநாட் காலை வரையிலான 24 மணி நேரத்தில் சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. கொலாபாவில் 73! மழைக்காலத்து மும்பையில் 73 மில்லிமீட்டர் யாரையும் திடுக்கிட வைக்கும் அளவன்று. எனவே தெற்கே கோட்டைப் பகுதி அலுவலகங்களில் இருந்தோர், வடக்கே வானம் உடைந்து விழுவதை அறியாமலே மாலை ரயிலுக்குப் புறப்பட்டார்கள். வழியில் ரயில்கள் நின்றன. இடுப்பளவு நீரில் இரவெல்லாம் நடந்தவர் பலர். மீட்டி ஆறு கரை புரண்டது. அது கடலோடு கலக்கும் மாஹிம் கழிமுகத்தை ஒட்டியே தாராவி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தலைமுறைகளாக வாழும் தாராவி. நகரில் மட்டும் 400க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இவ்வளவு வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது? பருவமழையின் பரந்த முகிற்படலம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவுவது. ஆனால் அதனுள் எழும்பும் இடிமுகில் ஒரு தூண் போன்றது. உயரம் 15 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அகலமோ சில கிலோமீட்டரே. அத்தகைய தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தின்மேல் எழுந்து நின்றால், அடுத்த பேட்டையில் குடை விரிக்கும் மழையே பெய்யும். மழைமானியின் வாய் ஒரு சாண் அகலமே. அது தன்மேல் விழுந்ததைச் சொல்லும்; பொய் சொல்லாது; பக்கத்து ஊரின் செய்தியைச் சொல்லவும் அதனால் இயலாது.

முகிலைத் தொலைவிலிருந்தே அளக்கவல்ல டாப்ளர் ராடார் சென்னையில் 2002இலேயே நிறுவப்பட்டிருந்தது. 2005இல் மும்பைக்கு அது இல்லை. பின்னர் கொலாபாவில் ஒன்று வந்தது. 2022 ஜனவரியில் அந்தேரிப் பக்கத்து வெராவலியில் இரண்டாவது தொடங்கப்பட்டது. மாநகராட்சியாரும் பல பேட்டைகளில் தானியங்கி மழைமானிகளை வைத்துள்ளனர். இன்று மழைநாளில் ஊரிலிருந்து உறவினர் தொலைபேசியில் அழைத்து, "மும்பையில் மழை எப்படி?" என்று கேட்டால், எந்த மும்பை என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.