பரத் அருண்

பரத் அருண், தமிழ்நாட்டு கிரிக்கெட் ஆட்டக்காரர், பந்துவீச்சுப் பயிற்சியாளர். 1962 டிசம்பர் 14இல் விஜயவாடாவில் பிறந்தவர். மிதவேகப் பந்துவீச்சும் பின்வரிசை மட்டையாட்டமும் கைவந்தவர். 1986 டிசம்பரில் கான்பூரில் இலங்கைக்கு எதிராக டெஸ்டில் அறிமுகமானார். இந்தியாவுக்காக 2 டெஸ்டுகளும் 4 ஒருநாள் ஆட்டங்களும் மட்டுமே ஆடினார். 1987-88 ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியில் இருந்தார்.

அவர் பெயர் நிலைத்தது பயிற்சித் துறையில்தான். தமிழ்நாட்டு அணியின் பயிற்சியாளராகத் தொடங்கி, பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாதெமியில் பந்துவீச்சுப் பொறுப்பை வகித்தார். 2012இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையை வென்ற இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளர்.

2014 முதல் 2016 வரையும், பின்னர் 2017 முதல் 2021 வரையும் இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்தார். 2018-19இலும் 2020-21இலும் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியா டெஸ்ட் தொடர்களை வென்றது இக்காலத்தில்தான். இரண்டாவது தொடரே அவர் பணிக்கு வலுவான சான்று: முன்னணி வீச்சாளர்கள் காயத்தால் விலக, பிரிஸ்பேனில் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் டெஸ்டில் அறிமுகமாகி ஆளுக்கு மூன்று விக்கெட்டுகளை முதல் இன்னிங்ஸிலேயே எடுத்தனர். 2024இல் ஐபிஎல் கோப்பையை வென்ற கொல்கத்தா அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளரும் அருண்தான்.