எதனால், எதற்கு: எழுதியவரின் நோக்கத்தைச் சிறுவர்க்குக் கற்பித்தல் (கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து)

1. சிக்கல்

நம் தமிழ் வகுப்புகளில் எழுதியவரைப் பற்றிய விசாரணை ‘ஆசிரியர் குறிப்பு வரைக’ என்பதோடு முடிந்துவிடுகிறது. பெயர், ஊர், பெற்றோர், காலம், இயற்றிய நூல்கள் என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். அவர் ஏன் எழுத உட்கார்ந்தார் என்று கேட்டால் பேச்சிருக்காது. அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. நம்பவைத்தல், தெரிவித்தல், மகிழ்வித்தல் ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து ‘பை’ என்ற தின்பண்டத்தின் பெயராகும். நினைவில் நிற்கும்தான், ஆனால் படித்ததையெல்லாம் மூன்று டப்பாக்களில் ஒன்றில் போட்டு மூடும் பழக்கமும் கூடவே வரும். தமிழில் இதைவிடக் கூர்மையான கருவி இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. பாயிரமும் வேற்றுமையும்

பவணந்தி முனிவரின் நன்னூல், நூலின் முகப்பில் வரும் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவை என எட்டை வகுக்கிறது. ஏழாவது கேட்போர், எட்டாவது பயன். காலம், களன், காரணம் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர் என்கிறது. பயன் இருக்கும்போதே காரணத்தைத் தனியே கேட்டவர்கள் ஒரு நுட்பத்தைக் கண்டிருக்கிறார்கள். ‘ஏன்’ என்பதற்குள் இரண்டு கேள்விகள் உள்ளன: எதனால் எழுதினார், எதற்கு எழுதினார். முன்னது மூன்றாம் வேற்றுமை, பின்னது நான்காம் வேற்றுமை.

ஆறு வயதுப் பிள்ளைக்கு வேற்றுமை தெரியாது, வித்தியாசம் தெரியும். ‘எதனால குடை எடுத்துட்டு வந்தே?’ என்றால் ‘மழை வருது’ என்னும், ‘குடை எதுக்கு?’ என்றால் ‘நனையாம இருக்க’ என்னும். பேச்சில் இரண்டும் அடிக்கடி கலந்துவிடும். பிரித்துக் காட்டுவதுதான் ஆசிரியர் வேலை.

3. கூண்டுச் செய்தி

கடலூரில் இதைத் தொடங்கப் புத்தகமே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ‘துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’ என்று நாளிதழில் நாலு வரிச் செய்தி வரும். அதைக் கத்தரித்துக் கரும்பலகையில் ஒட்டி, நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ‘எதனால்’: வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. வலப்பக்கம் ‘எதற்கு’: படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தேவனாம்பட்டினத்து மீனவப் பிள்ளை ஒன்று ‘வலையை மேட்டுல ஏத்தணும்’ என்று சேர்க்கலாம். செய்தியில் அது இல்லையே என்று தள்ளிவிடக் கூடாது. கேட்போர் யார் என்பதைப் பொறுத்துப் பயன் விரியும் என்பதை அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய ஊர் இது. நாலு வரி எழுத்துக்கு என்ன விலை என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவரச் சொல்லலாம்.

4. சிதம்பரமும் வடலூரும்

அடுத்த படி நூல்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சிறுவர்க்காகவே பாலபாடம் என்ற வரிசையை எழுதி அச்சிட்டவர் அவர். எதனால்? கிறித்தவ மிஷன் பள்ளிகளும் அவற்றின் பாடநூல்களும் பரவியதால். எதற்கு? சைவப் பிள்ளைகள் எளிய உரைநடையில் தம் சமயத்தையும் ஒழுக்கத்தையும் கற்க. ‘தெரிவித்தல்’ டப்பாவில் போட்டால் இந்தக் கதையில் பாதி தொலைந்துபோகும்.

அவர் காலத்தவரே சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார். பசியைப் பார்த்ததால் ஜீவகாருண்ய ஒழுக்கம் எழுதினார். பசித்தவருக்குச் சோறு போடும்படி எழுதினார். 1867இல் வடலூரில் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்னும் எரிகிறது. ஒரு நூலின் பயனைப் பிள்ளைகள் இலையில் வாங்கிச் சாப்பிடக்கூடிய இடம் வேறு எங்கே இருக்கிறது!

5. மறுக்கும் ஆசிரியர்

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ஒரு சிக்கலான ஆள் தேவை. கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன் கைகொடுப்பார். உலகத்தைத் திருத்தும் எண்ணமெல்லாம் தன் கதைகளுக்கு இல்லை என்று ‘காஞ்சனை’ தொகுப்பின் முன்னுரையில் சொன்னவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் துயரத்தைத் ‘துன்பக்கேணி’யாக எழுதியவரும் அவரே. அந்தக் கதையைச் சிறுவர்க்குப் படித்துக்காட்டத் தேவையில்லை, செய்தியாகச் சொன்னால் போதும். பலகையில் இடப்பக்கம் நிரம்பியிருக்கும், வலப்பக்கத்தை அவரே அழித்துவிட்டார். எழுதியவர் சொல்வது சாட்சிதான், தீர்ப்பு அல்ல என்பது அப்போது புரியும்.

அதே கடலூரின் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன் இதற்கு நேரெதிர். ஏன் எழுதினேன் என்று முன்னுரைகளில் வாதாடியவர். முன்னுரை என்பது இக்காலப் பாயிரம். அதைத் தாண்டிக் கதைக்குப் போகும் பழக்கத்தை நாம்தான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தோம்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘ஆசிரியர் குறிப்பு வரைக’ என்பதன் கீழ் ‘எதனால் எழுதினார்? எதற்கு எழுதினார்?’ என்று இன்னும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதற்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள்.