கடலைக் கேட்கப் பிறந்த கப்பல்

தண்ணீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாயும். காற்றில் பாய்வதைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். ஆனால் அது நேராகப் போவதில்லை. மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீரும் சந்திக்கும் இடத்தில் வளைந்துவிடும். அந்த எல்லைக்குக் கீழே ஒரு நீர்மூழ்கி நழுவிவிட்டால், மேலே செல்லும் போர்க்கப்பலின் சோனாருக்கு அது எளிதில் சிக்காது. பனிப்போர்க் காலத்தில் அட்லாண்டிக் கடலில் சோவியத் நீர்மூழ்கிகளைத் தேடி அலைந்த நேட்டோ கடற்படைகளுக்கு இது தீராத தலைவலி. எந்தக் கடலில், எந்த ஆழத்தில், நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, எவ்வளவு உப்பாக இருக்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டால்தான் எதிரியின் இரைச்சலைப் பிரித்தறிய முடியும்.

இத்தகைய கடலாய்வுக்காக நெதர்லாந்துக் கடற்படை கட்டிய கப்பல்தான் ‘டைடமன்’. 1976-ல் பணியில் சேர்ந்தது. நீளம் 90 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கடலைக் கேட்க வந்த கப்பல் தானே சத்தம் போடக் கூடாதல்லவா? அதனால் அதன் டீசல் இயந்திரங்களைச் சுழல்விசிறியோடு நேரடியாக இணைக்கவில்லை. மூன்று டீசல் இயந்திரங்கள் மின்சாரம் தயாரிக்கும். அந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் விசிறியைச் சுழற்றும். அதிர்வும் இரைச்சலும் வெகுவாகக் குறைந்தன. இந்த அமைப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பலின் பிற்கால வாழ்வுக்கும் இதுவே கைகொடுத்தது.

கப்பலுக்குப் பெயர் தந்த டைடமன் ஒரு கடற்படை அதிகாரி. 1899-1900-ல் ‘சிபோகா’ என்ற பீரங்கிப் படகை இன்றைய இந்தோனேசியக் கடல்கள் முழுக்க ஓட்டிச் சென்றவர். போருக்கென்று கட்டிய அந்தப் படகை ஆய்வுக்கூடமாக மாற்றி, விலங்கியலாளர் மாக்ஸ் வெபர் ஆழ்கடல் உயிர்களைச் சேகரித்தார். பெயருக்கேற்ப நடந்துகொண்டது புதிய கப்பலும். கடற்படை வேலைகளுக்கு நடுவே 1980 முதல் 1986 வரை லெய்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக அறிஞர்களை ஏற்றிக்கொண்டு கேனரி, அசோர்ஸ், கேப் வெர்டே தீவுகளைச் சுற்றி வந்தது. சிப்பி, பவளம், மீன் என்று கடலடியிலிருந்து அள்ளி வந்தவற்றை வைத்து அறிஞர்கள் பல ஆண்டுகள் எழுதினார்கள். இந்தக் கப்பலின் மிகச் சிறந்த காலம் இதுவே என்பது என் கருத்து.

2004-ல் கடற்படை டைடமனுக்கு ஓய்வு கொடுத்தது. ஓய்வுபெற்ற கடற்படைக் கப்பல்களில் பல உடைக்கும் தளத்தில்தான் முடியும். இதை ஓஷன்வைட் எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற நெதர்லாந்து நிறுவனம் வாங்கி, உள்ளே ஏறக்குறைய புதிதாகக் கட்டியது. 2009-ல் நூறு பேருக்குச் சற்று மேல் பயணிக்கக்கூடிய துருவச் சுற்றுலாக் கப்பலாக அது வெளியே வந்தது. புதிய பெயர் ‘பிளான்சியஸ்’. 1552-ல் பிறந்த பெட்ரஸ் பிளான்சியஸ் மதபோதகர், வரைபடக்காரர். நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரைபடம் தந்தவர். வடக்கே பனிக்கடல் வழியாக ஆசியாவுக்குப் பாதை உண்டு என்று நம்பி, பாரென்ட்ஸ் போன்ற மாலுமிகளைத் தூண்டி அனுப்பியவரும் அவரே. பாதை கிடைக்கவில்லை, 1596-ல் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு கண்ணில் பட்டது. இன்று கோடைதோறும் இந்தக் கப்பல் பயணிகளை அழைத்துச் செல்லும் இடங்களில் அதுவும் ஒன்று.

கப்பலின் அளவும் காலத்துக்குப் பொருந்தியது. அதே 2009-ல் அண்டார்டிக் உடன்படிக்கை நாடுகள் கூடி, 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல்கள் அங்கே ஆளை இறக்கக் கூடாது, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது என்று முடிவெடுத்தன. மிதக்கும் மாளிகைகள் தூரத்தில் நின்று பார்க்க வேண்டிய கரைகளுக்குச் சின்னக் கப்பல்களின் ரப்பர் படகுகள் போகலாம். நீர்மூழ்கிகளுக்காகச் செய்த அந்த மௌன ஏற்பாடோ இப்போது திமிங்கிலங்களுக்கு உதவுகிறது. ஒலியை நம்பி வாழும் விலங்கு அது. அதைப் பார்க்கப் போகிற கப்பல் இரைச்சல் குறைந்ததாக இருப்பதைவிட நல்ல மரியாதை வேறில்லை.

சோதனையும் வந்தது. 2012-ல் தெற்கு ஜார்ஜியா தீவருகே பிளான்சியஸின் உந்துவிசை பழுதாகி, பயணிகள் அங்கேயே காத்திருக்க நேர்ந்தது. அவர்களை ஏற்றிச் செல்ல வந்த கப்பல் ‘உஷுவாயா’. அதுவும் ஒரு பழைய ஆய்வுக் கப்பல்தான். அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்புக்காகப் பல ஆண்டுகள் உழைத்துவிட்டுத் துருவச் சுற்றுலாவுக்கு வந்தது.

சோவியத் தரப்பிலும் கடலின் ஒலியை ஆராயப் பின்லாந்தில் இரட்டைக் கப்பல்கள் கட்டினார்கள்: ‘அகாடமிக் யோஃபே’, ‘அகாடமிக் செர்கெய் வாவிலோவ்’. அவையும் பின்னாளில் பயணிகளை ஏற்றின. 2018 ஆகஸ்டில் கனடாவின் ஆர்க்டிக் கடலில் யோஃபே தரைதட்டியபோது, அதன் பயணிகளை மீட்க வந்தது வாவிலோவ். அந்தக் கதையை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)